பெண் குழந்தைக்கு கோல்ஃப் எதற்கு என்கிறீர்களா?

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த என் மகள் முதுகுப் பையைக் கூடக் கழற்றவில்லை. "அம்மா, ஞாயித்துக்கிழமை கோல்ஃப் கத்துக் கொடுக்கிறாங்களாம். பொண்ணுங்களுக்கு மட்டும். முதல் நாள் காசு வேண்டாமாம். பி.டி. டீச்சர் பேர் கேட்டாங்க, கொடுக்கட்டுமா?" என்றாள்.

அடுப்பில் குழம்பு கொதித்துக் கொண்டிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், கூடத்தில் பூ தொடுத்துக் கொண்டிருந்த என் மாமியார் பதில் சொல்லிவிட்டார். "கோல்ஃபா? அதெல்லாம் பணக்கார ஆம்பளைங்க ஆடறது. மொட்டை வெயில்ல நின்னா கறுத்துப் போயிருவா. இப்பவே மாநிறம்."

மாமியாரைக் குறை சொல்லவில்லை. எனக்கும் முதலில் தோன்றியது அதுதான். ஆனால் அந்தப் பேரைக் கேட்டதும் பழைய ஞாபகம் ஒன்று வந்தது.

நான் பிறந்து வளர்ந்தது மலை ஊரில். எங்கள் வீட்டுக்குப் பின்னால் சரிவில் இறங்கினால் கோல்ஃப் மைதானம். பந்து புதருக்குள் போய்விட்டால் தேடி எடுத்துக் கொடுக்கிற பையன்களுக்குச் சில்லறை கிடைக்கும். என் அண்ணன் அதில் கெட்டிக்காரன். ஒரு நாள் நானும் கூடப் போய், உண்ணிச் செடிக்குள் கையை விட்டு, கையெல்லாம் கீறல் பட மூன்று பந்து எடுத்தேன். காவல்காரர் பந்துகளை வாங்கிக் கொண்டார். "பொம்பளைப் பிள்ளைக்கு இங்கே என்ன வேலை? வீட்டுக்குப் போ" என்றார். சில்லறை அண்ணன் கைக்குப் போயிற்று. அப்போது எனக்குப் பத்து வயது. இரண்டு நாள் அழுதுவிட்டு மறந்து போனேன்.

அப்புறம் கோல்ஃப் என் வாழ்க்கையில் எட்டிப் பார்த்தது 2021 ஆகஸ்ட் 7-ஆம் தேதிதான். கொரோனா காலம். விடியற்காலையிலேயே என் வீட்டுக்காரர் டி.வி.யைப் போட்டுவிட்டார். டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூருப் பெண் அதிதி அசோக் பதக்கம் வாங்கப் போகிறாள் என்று ஒரே பேச்சு. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் ஆட்டம் தெரியாது. ஆனாலும் டி.வி. முன்னால் உட்கார்ந்துவிட்டோம்.

ஆட்டம் தெரியாத சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. பந்து பெரிய நெல்லிக்காய் அளவு. குழியின் குறுக்களவு 108 மில்லிமீட்டர், நம் வீட்டுச் சொம்பின் வாய் மாதிரி. புல்வெளியில் இப்படி 18 குழிகள். ஒவ்வொன்றிலும் பந்தைப் போட எத்தனை அடி அடித்தீர்கள் என்பதுதான் கணக்கு. குறைவாக அடித்தவர் ஜெயித்தார். செலவைக் குறைப்பவருக்கே வெற்றி என்றால் குடும்பம் நடத்துகிற நமக்குப் புரியாதா என்ன? மட்டைகள் அடங்கிய பையைத் தூக்கிக் கொண்டு கூடவே ஒருவர் நடப்பார். அவருக்குப் பெயர் 'கேடி'. போலீஸ் ஸ்டேஷனில் போட்டோ மாட்டுவார்களே, அந்தக் கேடி இல்லை! பை தூக்குவதோடு, எந்த மட்டையை எடுக்கலாம், எத்தனை தூரம் என்று யோசனையும் சொல்கிறவர்.

அன்றைக்கு அதிதியின் பையைத் தூக்கிக் கொண்டு நடந்தவர் யார் தெரியுமா? அவளைப் பெற்ற தாயார்! தொப்பி போட்டுக் கொண்டு, அந்த ஜப்பான் வெயிலில், நான்கு நாளும் மகளோடு நடந்தார். 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் பை தூக்கியவர் அப்பா. டோக்கியோவுக்கு அம்மா. உலகத் தரவரிசையில் 200-ஆவது இடத்தில் இருந்த பெண், எட்டிக் கூடப் பார்க்க மாட்டாள் என்று நினைத்திருந்த இடத்துக்கு வந்து, ஒரே ஓர் அடியில் பதக்கத்தைத் தவறவிட்டு நான்காவதாக வந்தாள். சிறிது காலத்துக்கு முன்புதான் கொரோனா வந்து உடம்பு தளர்ந்திருந்ததாம். மற்றவர்கள் பந்தைத் தொலைதூரம் அடிக்க, இவள் குழிக்குப் பக்கத்தில் வந்து நிதானமாக உருட்டியே ஈடு கொடுத்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பதக்கத்துக்காகவா, அந்தத் தாய்க்காகவா, தெரியவில்லை.

அதிதிக்கு இந்த ஆட்டம் பிடித்துப் போன கதையும் சாதாரணம்தான். ஐந்து வயதில், பெற்றோரோடு காலை டிபன் சாப்பிடப் போன இடத்தில், எதிரே ஆட்கள் பந்தடிப்பதைப் பார்த்து "அது என்ன?" என்று கேட்டிருக்கிறாள். தாய்க்கும் தந்தைக்கும் அதுவரை ஆட்டம் தெரியாது. "உனக்கெதுக்கு?" என்று இழுத்துக்கொண்டு வராமல் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறார்கள். அவ்வளவுதான். 2023-இல் ஹாங்சௌ ஆசிய விளையாட்டில் வெள்ளி வாங்கினாள். கோல்ஃபில் ஆசியப் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண் அவள்தான்.

தாயும் மகளும் ஒலிம்பிக் கோல்ஃப் மைதானத்தில் சேர்ந்து நடந்தது அது முதல் தடவை அல்ல என்று பிற்பாடு படித்தேன். 1900-இல் பாரீஸ் ஒலிம்பிக்கிலேயே பெண்களுக்கு கோல்ஃப் இருந்தது. அதில் ஜெயித்தவர் மார்கரெட் அபாட் என்ற அமெரிக்கப் பெண். பிறந்தது எங்கே என்கிறீர்கள், நம் கல்கத்தாவில்! ஓவியம் படிக்கப் பாரீஸ் போயிருந்தவர் பேர் கொடுத்து ஆடினார். கூடவே அவருடைய அம்மா மேரியும் அதே போட்டியில் ஆடினார். மகள் ஒன்பது குழிகளை 47 அடியில் முடித்தாள். அம்மாவுக்கு 65 ஆயிற்று. ஆயிற்று, அதனால் என்ன? பரிசாகக் கொடுத்தது ஒரு பீங்கான் கிண்ணம். இதில் வேதனை என்னவென்றால், தான் ஆடியது ஒலிம்பிக் போட்டி என்பதே அந்த அம்மாளுக்குத் தெரியாது. தெரியாமலே 1955-இல் கண்ணை மூடிவிட்டார். அதற்குப் பின் ஒலிம்பிக்கில் பெண்கள் கோல்ஃப் திரும்பி வர 2016 வரை ஆயிற்று.

இடைப்பட்ட காலத்தில் எத்தனை கதவு அடைத்துக் கிடந்தது! இந்த ஆட்டத்துக்குத் தாய்வீடு ஸ்காட்லாந்து. அங்கே செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற ஊரில் 1867-இலேயே பெண்கள் தனிச் சங்கம் வைத்தார்கள். ஆனால் பந்தை உருட்டலாமே தவிர, மட்டையைத் தோளுக்கு மேல் தூக்கி வீசுவது பெண்ணுக்கு அழகல்ல என்று அந்தக் காலத்து எண்ணம். மேடும் பள்ளமுமான அந்தப் புல்வெளிக்கு 'இமயமலை' என்றே பட்டப்பெயர். அதே ஊரில் 1754-இல் தொடங்கிய ஆண்கள் சங்கம் பெண்களை உறுப்பினராகச் சேர்க்க ஓட்டுப் போட்டது 2014-இல். 260 வருஷம்! மியூர்ஃபீல்டு என்ற இன்னொரு புகழ்பெற்ற மைதானத்தில் 2016-இல் ஓட்டெடுத்துப் பெண்கள் வேண்டாம் என்றார்கள். அப்படியானால் பெரிய போட்டி உங்களுக்குக் கிடையாது என்று சொன்னபிறகு, 2017-இல் சரி என்றார்கள். 2022-இல் அங்கேயே பெண்கள் போட்டி நடந்து, தென்னாப்பிரிக்காவின் ஆஷ்லி புஹாய் கோப்பையைத் தூக்கினார்.

2018-இல் ஆர் அண்ட் ஏ என்ற கோல்ஃப் அமைப்பு, பெண்களையும் சிறுமிகளையும் சேர்ப்போம், நிர்வாகத்திலும் இடம் கொடுப்போம் என்று பல நாட்டுச் சங்கங்களிடம் கையெழுத்து வாங்கத் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் என்னைக் கேட்டால், பெண் பிள்ளை மைதானத்துக்கு வரவேண்டும் என்றால் முதலில் சுத்தமான கழிப்பறை வேண்டும். அப்புறம் அவள் வயதில் இன்னும் நாலு பெண்கள் வேண்டும். தன்னைப் போல ஒருத்தி ஆடுவதை அவள் பார்க்க வேண்டும்.

அதற்கும் ஓர் உதாரணம் உண்டு. அன்று ராத்திரி மாமியாருக்குக் கால் பிடித்துவிட்டுக் கொண்டே சொன்னேன். "அத்தை, கொரியாவிலே பாக் செ-ரின்னு ஒரு பொண்ணு. 1998-லே அமெரிக்காவிலே பெரிய போட்டி. அப்ப அவளுக்கு இருபது வயசு. அவங்க நாட்டிலே பணமெல்லாம் மதிப்பிழந்து, ஜனங்க வேலை போய்த் தவிச்ச நேரம். கடைசி நேரத்திலே பந்து குளத்து ஓரத்திலே போய் உட்கார்ந்துகிச்சு. அவ ஷூவையும் சாக்ஸையும் கழட்டிட்டுத் தண்ணியிலே இறங்கி அடிச்சு, கடைசியிலே ஜெயிச்சா."

போனில் அந்தப் படத்தையும் காட்டினேன். மாமியார் கண்ணாடியைப் போட்டுக் கொண்டு பார்த்தார். "என்னடி இது, காலெல்லாம் கறுப்பு, பாதம் மட்டும் வெள்ளை வெளேர்னு?" என்றார்.

"வெயில்ல பழகிப் பழகி அப்படி ஆயிருச்சு அத்தை. அந்த ஊரே இந்தக் கால்களைப் பார்த்துத்தான் அழுதுதாம்."

அன்றைக்கு அதை டி.வி.யில் பார்த்த கொரியச் சிறுமிகள் ஏராளம் பேர் மட்டையைத் தூக்கினார்கள். பத்து வருஷத்தில் அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளில் நாற்பதுக்கும் மேற்பட்ட கொரியப் பெண்கள்! அந்தச் சிறுமிகளில் ஒருத்தி பாக் இன்-பி. 2016 ஒலிம்பிக் தங்கம் அவளுக்கு. பயிற்சியாளராக மைதானத்தில் நின்றவர் அதே பாக் செ-ரி.

மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. காலையில், "தொப்பி வாங்கிக் குடு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பதினாலு பெண்கள் வந்திருந்தார்கள். "உலக்கை பிடிக்கிற மாதிரி இறுக்காதீங்க" என்று கோச் தம்பி திரும்பத் திரும்பச் சொன்னார். என் மகள் மூன்றாவது தடவையிலேயே பந்தைப் பறக்க விட்டாள். "அம்மாக்களும் அடிச்சுப் பாருங்க" என்றார்கள். புடவைத் தலைப்பைச் செருகிக் கொண்டு போனேன். நாலு தடவை காற்றைத்தான் அடித்தேன். ஐந்தாவதில் 'டக்' என்று ஒரு சத்தம். பந்து எழும்பிப் போயிற்று! வீட்டுக்கு வந்ததும் அண்ணனுக்குப் போன் செய்தேன். சிரித்துவிட்டு, "அந்த மூணு பந்துக்கு உனக்கு எவ்வளவு தரணும்?" என்றான். அவனும் மறக்கவில்லை.

செலவை மறைக்க மாட்டேன். முழு செட் மட்டை என்றால் என் காதுத் தோட்டை விற்க வேண்டியதுதான். ஆனால் ஆரம்பத்தில் அதெல்லாம் தேவையில்லை. பழகும் இடத்திலேயே மட்டை கொடுக்கிறார்கள். கூடைப் பந்துக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள். ஆறு மாதம் பிள்ளைக்கு ஆசை நிலைக்கிறதா என்று பார்த்து, அப்புறம் பழைய மட்டை ஒன்றிரண்டு வாங்கினால் போதும். விடியலிலோ, நாலு மணிக்கு மேலோ போங்கள். முழுக்கைச் சட்டை, தொப்பி, இரண்டு பாட்டில் தண்ணீர் கட்டாயம். மற்றவர் மட்டை வீசும்போது பத்தடி தள்ளி நிற்கச் சொல்லிப் பழக்குங்கள். மட்டை பட்டால் பல் போய்விடும். 18 குழியும் நடந்து ஆடினால் எட்டுக் கிலோமீட்டர் போல ஆகும். டாக்டர் என்னை நட என்று சொல்லி இரண்டு வருஷம். மொட்டை மாடியில் சுற்றுவதற்கு இது எவ்வளவோ மேல்.

பந்து உருட்டுவதை வீட்டிலேயே பழகலாம். கூடத்தில் பாய் விரித்து, மறுகோடியில் மாமியாரின் பித்தளைச் சொம்பைப் படுக்க வைத்தோம். முதல் நாளே நெளிந்துவிட்டது. இப்போது பிளாஸ்டிக் டம்ளர். பத்துக்கு ஆறு தடவை உள்ளே போடுகிறவர் என் மாமியார்தான்.