ஆங்கில வினைச்சொல்: யார் செய்தார், என்ன செய்தார்?

1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் ஆங்கிலத்தை எமது நாட்டின் இணைப்பு மொழி ஆக்கியது. ஆனால் கிராமத்து மாதர் சங்கத்துக்கோ கமக்காரர் அமைப்புக்கோ அது இணைப்பதிலும் பார்க்கப் பிரிப்பதே அதிகம். உதவி வழங்கும் நிறுவனம் அறிக்கையை ஆங்கிலத்தில் கேட்கிறது. சங்கத்தவர் பட்டணத்தில் யாரையாவது பிடித்து எழுதுவிக்கின்றனர். என்ன எழுதியிருக்கிறது என்று அறியாமலே தலைவியும் செயலாளரும் கையொப்பம் இடுகின்றனர். இந்நிலை மாறவேண்டுமாயின், ஆங்கில வாக்கியத்தின் முதுகெலும்பான வினைச்சொல்லை விளங்கிக்கொள்வதில் தொடங்கலாம் என்பது எமது எண்ணம்.

'தோண்டினோம்' என்று நாம் சொல்கிறோம். இந்த ஒரு சொல்லுக்குள் செயலும் இருக்கிறது, இறந்த காலமும் இருக்கிறது, செய்தவர் நாமே என்பதும் இருக்கிறது. ஆங்கிலத்தின் 'டக்' என்ற சொல்லிலோ செயலும் காலமும் மட்டுமே உண்டு. நான், நீ, அவள், அவர்கள் யாராயினும் 'டக்' தான். ஆகவே செய்தவரை வாக்கியத்தின் முன்னால் நிறுத்தியே ஆகவேண்டும்: 'வீ டக் எ வெல்'. எழுவாய், அடுத்து வினை, அதன் பின் செயப்படுபொருள். தமிழில் சொற்களை இடம் மாற்றினாலும் கருத்துப் பெரிதாகக் கெடாது. ஆங்கிலத்தில் இடம் மாறினால் கிணறு எங்களைத் தோண்டிவிடும்.

வினை என்றால் செயலைக் குறிக்கும் சொல் என்று பாடசாலையில் மனனம் செய்தோம். அது பாதி உண்மை. தோண்டுதல், நடுதல், சுமத்தல் ஆகியவை செயல்கள். அறிதல், தேவைப்படுதல், சொந்தமாக வைத்திருத்தல் ஆகியவையோ நிலைகள். ஆங்கிலம் இவ்விரண்டையும் வேறாக நடத்துகிறது. செயல் வினையோடு 'இங்' சேரும்: 'வீ ஆர் டிக்கிங்'. நிலை வினையோடு பொதுவாகச் சேராது. 'வீ ஆர் ஹாவிங் ரூ ஏக்கர்ஸ்' என்று எம்மவர் எழுதுவது இதனாலேயே பிழை. 'வீ ஹாவ் ரூ ஏக்கர்ஸ்' என்பதே சரி. ஆனால் 'வீ ஆர் ஹாவிங் எ மீற்றிங்' என்பது சரியான வாக்கியம். அங்கே அதே சொல் நடத்துதல் என்ற செயலைக் குறிக்கிறது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. 'முன்பள்ளி நடத்துகிறோம்' என்பதை 'வீ ரன் எ பிறீஸ்கூல்' என்று எழுதினால், அது எமது வழமையான பணி என்று பொருள். 'வீ ஆர் ரன்னிங் எ பிறீஸ்கூல்' என்று எழுதினால், இப்போதைக்கு நடத்துகிறோம் என்ற தொனியும் வரக்கூடும். அடுத்த வருடமும் அது இருக்குமா என்று வாசிப்பவர் யோசிக்க இடமுண்டு.

தமிழில் விளைவதும் விளைவிப்பதும் வேறு வேறு. கதவு திறக்கிறது, கதவைத் திறக்கிறேன் என்னும்போது வினையடி ஒன்றே. ஆனால் ஓடு–ஓட்டு, திரும்பு–திருப்பு என்று மொழியே பல இடங்களில் எமக்கு வேறுபாட்டைக் காட்டிவிடும். ஆங்கிலத்தில் இது குறைவு. 'ஒனியன்ஸ் குரோ' என்றால் வெங்காயம் வளர்கிறது. 'வீ குரோ ஒனியன்ஸ்' என்றால் நாம் பயிரிடுகிறோம். வினை மாறவில்லை, பின்னால் செயப்படுபொருள் வந்ததால் குன்றிய வினை குன்றா வினையாயிற்று. சில சோடிகள் மட்டும் வேறாக நிற்கின்றன: தானாக உயர்வது 'றைஸ்', ஒருவர் உயர்த்துவது 'றேஸ்'. விலை உயர்ந்ததா, வியாபாரி உயர்த்தினாரா என்பது சந்தைக்குப் போகிறவர்களுக்குச் சிறிய வேறுபாடு அல்லவே.

இறந்த காலத்துக்கு வினையின் கடைசியில் 'எட்' சேர்ப்பது பொது விதி. ஆனால் ஆங்கிலத்தில் மிக அதிகமாக வழங்கும் பத்து வினைகளும் இந்த விதிக்கு அடங்காதவை. 'கோ' என்பது 'வென்ற்' ஆகிறது. அடிக்கடி வாயில் வரும் சொற்கள் பழைய உருவத்தை இலகுவில் விடுவதில்லை. எமது 'வா' என்பதும் 'வந்தான்' என்று தானே மாறுகிறது. இவற்றை மனனம் செய்வதைத் தவிர வழியில்லை. 'போகவில்லை' என்பதற்கு 'டிட் நாட் வென்ற்' என்று எழுதாமல் இருந்தால் போதும். காலத்தை 'டிட்' சுமந்துவிட்டது. பின்னால் 'கோ' வெறுங்கையோடு வரலாம்.

இனி, அறிக்கைகளில் நாம் அதிகம் காணும் வடிவம்: 'எ வெல் வாஸ் டக்'. கிணறு ஒன்று தோண்டப்பட்டது. இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் செயப்பாட்டுவினையில் எழுவாயின் இடத்தில் கிணறு அமர்ந்துவிட்டது. வெயிலில் சிரமதானமாக மண் சுமந்த பெண்கள் வாக்கியத்திலிருந்தே போய்விட்டனர். தமிழ் அறிக்கையில் 'தோண்டினோம்' என்ற 'ஓம்' விகுதியில் அவர்கள் இருந்தார்கள். மொழிபெயர்ப்பில் அவர்களைத் தொலைத்தவர் அலுவலகத்துக்கு ஏற்ற நடை இதுவே என்று நம்பியிருப்பார். 'த விமின் டக் எ வெல்' என்பது அதைவிடத் தெளிவானது, உண்மையுமானது. சங்கத் தலைவி கையொப்பமிடுமுன் ஒவ்வொரு வினையையும் சுட்டிக்காட்டி, 'இதைச் செய்தது யார் என்று இதில் இருக்கிறதா?' என்று கேட்கலாம். அதற்கு ஆங்கிலப் புலமை தேவையில்லை.

செயப்பாட்டுவினையை முற்றாக ஒதுக்கவும் வேண்டாம். சங்கத்தின் நீரிறைக்கும் இயந்திரம் களவுபோய், பொலிசாருக்கு எழுத நேர்ந்தால், 'த பம்ப் வாஸ் ஸ்ரோலன்' என்றே எழுத வேண்டும். எடுத்தவர் யார் என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தாலும்கூட.