வீட்டு வண்டியும் காட்டு வழியும்

திங்கட்கிழமை காலையில் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டு விட வேண்டும். நடுவாரத்தில் பாட்டியைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். வெள்ளிக்கிழமை கோயில். ஆனால் ஞாயிறு வந்துவிட்டாலோ, அதே வண்டி மலை ஏற வேண்டும், ஓடையில் இறங்க வேண்டும், சேற்றிலே நீந்தவும் வேண்டும்! நான்கு சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும் மோட்டார் வண்டி ஒன்று வாசலில் வந்து நின்றுவிட்ட குடும்பங்களில் இந்த ஆசை மெள்ளத் தலைகாட்டுகிறது. ஆசை தப்பு என்று நாம் சொல்லவில்லை. அந்த ஆசைக்காக வண்டியை எவ்வளவு தூரம் மாற்றலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதுதான் விஷயம்.

பெரம்பலூர் ஜில்லாவில் உள்ள செட்டிகுளத்தை நேயர்களில் பலர் அறிந்திருப்பார்கள். கையில் கரும்பேந்திய தண்டாயுதபாணி குன்றின்மீது குடிகொண்டிருக்கும் ஊர். சின்ன வெங்காயத்துக்கும் பெயர் பெற்றது. அறுவடை முடிந்ததும் வயலோரத்துப் பட்டறைகளில் வெங்காயம் காற்றாடக் காத்திருப்பதைப் பார்க்கலாம். வடமேற்கே பச்சைமலைத் தொடர். கிழக்கே திருச்சி–சென்னை நெடுஞ்சாலையைக் கடந்து சற்றுத் தூரம் போனால் காரை என்னும் கிராமத்துச் செம்மண் பள்ளத்தாக்குகள். இடையே, மழை பெய்தால் பசையாகிவிடும் கரிசல் பூமி. காட்டு வழிப் பிரயாணத்துக்கு வேண்டிய மூன்று வகை நிலமும் ஒரே நாள் ஓட்டத்துக்குள் அகப்படுகிற ஊர் இது. ஆகவே இந்த ஊரையே மனத்தில் வைத்துக்கொண்டு பேசுவோம்.

ஜீப் யுத்த காலத்துக் குழந்தை என்பது தெரிந்ததே. நம் தேசத்தில் 1945ல் ஏற்பட்ட மகீந்திரா அண்டு முகம்மது கம்பெனி, 1948ல் மகீந்திரா அண்டு மகீந்திரா என்று பெயர் மாறியது. அந்த நாட்களிலேயே வில்லிஸ் ஜீப்பின் பாகங்களைத் தருவித்துப் பம்பாயில் பூட்டி விற்கலாயிற்று. பாகங்களைப் பூட்டத் தொடங்கியவர்கள் பிற்பாடு முழு வண்டியையும் தாங்களே செய்யலானார்கள். 2020ல் அதே கம்பெனி தனது புதிய ‘தார்’ வண்டியை ஆகஸ்டு 15ஆம் தேதி ஜனங்களுக்குக் காட்டி, அக்டோபர் 2ஆம் தேதி விலை சொல்லி விற்பனைக்கு விட்டது. தேதிகளைத் தேர்ந்தெடுப்பதில் வியாபாரிகள் கெட்டிக்காரர்கள்! 1985ல் வந்த மாருதி ஜிப்ஸி பட்டாளத்திலும் காட்டிலாகாவிலும் நெடுங்காலம் உழைத்தது. அதன் வம்சத்து ஜிம்னி 2023ல் இங்கே விற்பனைக்கு வந்தது. ஆகக் கடினமான வழிக்கு ஏற்ற வண்டிக்காக நாம் சீமையை எதிர்பார்க்க வேண்டிய காலம் போய்விட்டது.

இந்த வண்டிகளின் சூட்சுமத்தைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால், மாற்ற வேண்டியது இன்னது, மாற்ற வேண்டாதது இன்னது என்று தானே விளங்கிவிடும். இவற்றில் வழக்கமான கியர்ப் பெட்டிக்கு அடுத்தபடி இன்னொரு சிறு பெட்டி இருக்கிறது. யந்திரத்தின் பலத்தை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பகிர்ந்து கொடுப்பது அதன் வேலை. அதிலேயே ‘தாழ்ந்த கியர்’ என்று ஒன்று உண்டு. அதைப் போட்டால் வண்டி ஆமை வேகத்தில், ஆனால் யானை பலத்தோடு நகரும். செங்குத்தான இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமலே யந்திரம் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். இனி டிபரன்ஷியல். வளைவில் வெளிச் சக்கரம் அதிக தூரமும் உட்சக்கரம் குறைந்த தூரமும் ஓட வேண்டியிருப்பதால், இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடுவது அது. ரஸ்தாவில் இது மகா உபகாரி. சேற்றிலோ பரம துரோகி. ஒரு சக்கரம் வழுக்கினால் அந்தச் சக்கரத்தையே வீணாகச் சுற்றவிட்டு, பிடிப்புள்ள சக்கரத்தைச் சும்மா நிறுத்திவிடும். இதற்காகத்தான் சில வண்டிகளில் டிபரன்ஷியலைப் பூட்டிவிடும் ஏற்பாடு இருக்கிறது. சொல்ல வந்தது இதுதான்: மலைக்கு வேண்டிய முக்கியமான ஆயுதங்களை உற்பத்தியாளரே உள்ளே வைத்து அனுப்பியிருக்கிறார். 2020ஆம் வருஷத்துத் தாரின் அடிவயிறு தரையிலிருந்து 226 மில்லிமீட்டர் உயரம். 650 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரில் அது இறங்கி ஏறும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். பச்சைமலைப் பாதைகளில் குடும்பத்தோடு போகிறவருக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

ஆனால் கடைவீதி அப்படிச் சொல்வதில்லை. கடைவீதி முதலில் ‘வண்டியை உயர்த்துங்கள்’ என்கிறது. நீண்ட சுருள்வில்லைப் போட்டு இரண்டு மூன்று அங்குலம் தூக்கிவிட்டால் பார்வைக்குக் கம்பீரமாகத்தான் இருக்கும். வில்லை உயர்த்தினால் வண்டியின் உடல் உயருகிறது. பின்னால் ஒரே தண்டாக உள்ள அச்சையும், அதன் நடுவே குடம் போல் தொங்கும் டிபரன்ஷியலையும் வில் தூக்குவதில்லை. கல்லில் முதலில் இடிபடுவதோ அந்தக் குடந்தான். அதை உயர்த்தப் பெரிய டயர் ஒன்றே வழி. அங்கும் கணக்கு ஏமாற்றும். 31 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 33 அங்குலம் போட்டால், குடம் உயருவது ஓர் அங்குலமே. அந்த ஓர் அங்குலத்துக்கு என்ன விலை தெரியுமா? வேகமானி 80 என்று காட்டும்போது வண்டி 85க்குமேல் ஓடும். பெரிய சக்கரத்தைச் சுழற்ற யந்திரம் அதிகம் முக்கும். நிறுத்தப் பிரேக்கும் அதிகம் உழைக்கும். வண்டியின் கனமையம் மேலே ஏறிவிடுவதால், நெடுஞ்சாலையில் திடீரென்று ஒரு மாடு குறுக்கே வந்து, சாரதி சுக்கானை வெட்டித் திருப்ப நேர்ந்தால், வண்டி சாய்வதற்குத் தயாராக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஓர் அங்குலத்துக்காக, மற்ற ஆறு நாளும் குழந்தைகளை இந்த அபாயத்தில் உட்கார்த்தி வைப்பது என்ன நியாயம்?

பாட்டியை மறந்துவிட்டோமே! முழங்கால் வலியுள்ள பாட்டிக்கு, உயர்த்தாத ஜீப்பிலே ஏறுவதே கரணம் போடுகிற காரியம். உயர்த்தியபின் அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக ஆட்டோ பிடிக்க வேண்டியதுதான்.

அடுத்தது பாரம். இதைப் பற்றி விளம்பரங்கள் மூச்சு விடுவதில்லையாகையால் நாம் சற்று விரித்தே எழுதுகிறோம். இரும்பில் செய்த முன்தடுப்பும், வண்டியை இழுக்கும் மோட்டார் உருளையும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு குவிண்டால். இவை முன் அச்சுக்கும் முன்னால் தொங்குவதால் முன் வில்கள் சப்பிப் போகும். கூரைமேல் விரிக்கும் கூடாரமும் அதைத் தாங்கும் தட்டும் எழுபது எண்பது கிலோவாவது இருக்கும். நாற்பது லிட்டர் தண்ணீர் நாற்பது கிலோ. அடுப்பு, கருவிகள், படுக்கை, பெட்டிகள் என்று இன்னும் ஐம்பது. புருஷன், மனைவி, இரண்டு பிள்ளைகள் ஆக நால்வர் ஏறினால் இருநூறு கிலோவுக்குக் குறையாது. மொத்தம் நாலரைக் குவிண்டாலைத் தாண்டிவிட்டது! வண்டியின் காகிதங்களில் வெற்று எடை, பாரத்தோடு கூடிய உச்ச எடை என்று இரண்டு எண்கள் இருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பாருங்கள். அந்த மிச்சத்துக்குள்தான் மனிதர், மூட்டை, இரும்பு எல்லாம் அடங்க வேண்டும். மூட்டைக் கணக்குப் பார்த்து லாரி ஏற்றும் செட்டிகுளத்து வெங்காய வியாபாரிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. படித்த கனவான்கள்தான் தங்கள் சொந்த வண்டிக்கு எடை உண்டென்பதை மறந்துவிடுகிறார்கள்.

இங்கே ஒரு பழைய யாத்திரை ஞாபகம் வருகிறது. 1955 செப்டம்பரில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைகளைச் சேர்ந்த ஆறு வாலிபர்கள் இரண்டு லாண்ட்ரோவர் வண்டிகளில் லண்டனிலிருந்து கிளம்பி, இந்தியா, பர்மா வழியாகத் தரை மார்க்கமாகவே 1956 மார்ச்சில் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தார்கள். அந்த வண்டிகளில் ஒன்று, 2019ல் சிங்கப்பூரிலிருந்து திரும்ப லண்டனுக்கே ஓட்டிச் செல்லப்பட்டது. அந்த வாலிபர்கள் தங்கள் வண்டிகளில் வேண்டிய மட்டும் சாமான்களைப் பூட்டிக்கொண்டார்கள். சரிதான். ஆனால் அவ்வண்டிகளுக்கு அந்த ஒரு வேலைதானே? மறுநாள் காலை எட்டரை மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் நிற்க வேண்டும் என்ற கவலை இல்லையே!

சட்டத்தின் சங்கதியும் லேசானதல்ல. 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் ஆதியில் குறித்த விவரங்களுக்கும் பதிவுச் சான்றுக்கும் வித்தியாசம் ஏற்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அதே வருஷத்துத் திருத்தச் சட்டம், மாற்றிய சொந்தக்காரருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று விதித்திருக்கிறது. முன்னால் பூட்டும் இரும்புத் தடுப்புகளின் மீது நடவடிக்கை எடுக்கும்படி 2017 டிசம்பரில் மத்திய சர்க்கார் மாகாணங்களுக்கு எழுதியது. தெருவில் நடப்பவன்மீது மோதினால் வளைந்து கொடுக்க வேண்டிய முன்பாகம், இரும்புத் தடுப்பு இருந்தால் வளைவதில்லை. மோதலை உணர்ந்து காற்றுப் பையை விரிக்கும் உணர்விகளும் அதனால் ஏமாறக்கூடும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்காமல் மாற்றிய வண்டி விபத்துக்குள்ளானால், நஷ்ட ஈடு கேட்கும் சமயத்தில் என்ன பதில் வரும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

அப்படியானால் ஒன்றுமே செய்ய வேண்டாமா? செய்யலாம். முதலாவது டயர். அளவை மாற்றாமல், அல்லது அதே வண்டியின் உயர்ந்த ரகத்துக்குக் கம்பெனியே கொடுக்கும் அளவுக்குள், ரஸ்தாவுக்கும் கல்லுக்கும் பொதுவான, பக்கச் சுவர் கெட்டியான டயர் வாங்குவது உத்தமம். சேற்றுக்கென்றே செய்த முரட்டு டயர் தார் ரோட்டில் இரைச்சலிடும். மழை நாளில் பிரேக் போட்டால் பிடிப்பும் குறைவு.

இரண்டாவது, காற்றை அளக்கும் கருவியும், வண்டியின் மின்சாரத்தில் ஓடும் ஒரு சிறு காற்றுப் பம்பும். நெடுஞ்சாலையில் சதுர அங்குலத்துக்கு முப்பது ராத்தலுக்கு மேலிருக்கும் காற்றை, மணலிலும் சரளையிலும் இருபது ராத்தல் அளவுக்கு இறக்கினால் டயர் தட்டையாகி, அதிக இடத்தைத் தொட்டு, கல்லை நசுக்காமல் தழுவிப் போகும். உள்ளே இருப்பவர்களின் முதுகெலும்பும் வாழ்த்தும். ஆனால் அப்படி இறக்கியபின் மெதுவாகவே ஓட்ட வேண்டும். நெடுஞ்சாலை ஏறுமுன் மறுபடி அடித்துவிட வேண்டும். இந்த ஒரு வித்தை தருகிற பலனை, லட்ச ரூபாய்க்கு வில் மாற்றினாலும் பெற முடியாது என்பது நம் அபிப்பிராயம்.

மூன்றாவது, இழுவைப் பட்டை. சிக்கிய வண்டியை இழுக்கும்போது நீண்டு சுருங்கும் பட்டையாக, எடை குறித்ததாக இருக்க வேண்டும். அதைச் சட்டகத்தில் இழுப்பதற்கென்றே அமைத்த கொக்கியில்தான் மாட்ட வேண்டும். முன்தடுப்பிலோ, டிரெயிலர் மாட்டும் உருண்டையிலோ மாட்டினால், அது பிய்ந்து பீரங்கிக் குண்டு போல் பறந்து வந்து ஆளைக் கொல்லும். அயல் தேசங்களில் இவ்விதம் மரணங்கள் நேர்ந்திருக்கின்றன. பட்டையின் நடுவே ஒரு கனத்த கோணிச் சாக்கைப் போட்டு, குழந்தைகளையும் வேடிக்கை பார்ப்பவர்களையும் பட்டையின் நீளத்துக்கு அப்பால் விரட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். ஒரு மண்வெட்டியும், முதலுதவிப் பெட்டியும், உபரிச் சக்கரம் காற்றோடு இருக்கிறதா என்ற விசாரணையும் போதும். எல்லாம் சேர்ந்து நாற்பது கிலோ ஆகாது. ஞாயிறு இரவு இறக்கி வைத்துவிட்டால் திங்கட்கிழமை வண்டி பழையபடி வீட்டு வண்டி.

இனி, வழியைப் பற்றி. கரிசலில் மழை பெய்த மறுநாள் வண்டியை இறக்கினால், டயரின் பள்ளமெல்லாம் களியால் அடைபட்டு, எத்தனை விலை கொடுத்து வாங்கிய டயரும் மொட்டையாகிவிடும். செட்டிகுளத்து விவசாயி இரண்டு நாள் பொறுத்து இறங்குவார். அவருடைய வரப்பை நம் உல்லாசத்துக்காக உடைப்பது கண்ணியமல்ல. பச்சைமலையின் காப்புக் காட்டில் காட்டிலாகாவின் அனுமதியின்றி நுழையக் கூடாது. மலைக் கிராமத்து வழிகளோ அங்கே குடியிருக்கும் மலையாளி மக்கள் தினமும் நடமாடும் வாசல்கள். லாடபுரம் மயிலூற்று அருவிக்குப் போகிறவர்கள், மழை நாளில் ஓடை பெருகினால் 650 மில்லிமீட்டர் கணக்கை நம்பாமல் திரும்புவது நலம். அந்த அளவு நின்ற தண்ணீருக்குச் சொன்னது. ஓடுகிற வெள்ளம் அதைவிடக் குறைந்த ஆழத்திலேயே வண்டியைப் பக்கவாட்டில் தள்ளிவிடும்.

காரைப் பள்ளத்தாக்கைப் பற்றித்தான் நமக்குக் கவலை அதிகம். புல் முளைக்காத அந்த மேடு பள்ளங்களைப் பார்த்தால், வண்டி விளையாட்டுக்கென்றே பகவான் படைத்தது போல் தோன்றும். ஏறக்குறைய பத்துக் கோடி வருஷங்களுக்கு முன் அது கடலடித் தரை. சுருள் சங்கு போன்ற அம்மோனைட்டுகளும், துப்பாக்கி ரவை போன்ற பெலம்னைட்டுகளும் கல்லாகி அந்தக் களிமண்ணில் கிடக்கின்றன; உலகத்துப் பூதத்துவ சாஸ்திரிகள் தேடி வருகிற இடம். அதே வட்டாரத்துச் சாத்தனூரில், 1940ல் எம். எஸ். கிருஷ்ணன் அவர்களின் கண்ணில் பட்ட, சுமார் 18 மீட்டர் நீளக் கல்மரத்துக்கு வேலி இருக்கிறது. காரையின் களிமண் பரப்போ திறந்து கிடக்கிறது. இரண்டு டன் வண்டியின் சக்கரம் ஒரு முறை ஏறினால் அம்மோனைட்டு மாவாகிவிடும். சக்கரத் தடத்தில் அடுத்த மழை ஓடி, புதுப் பள்ளமே பறித்துவிடும். ஆகவே வண்டியை ரஸ்தா ஓரத்தில் நிறுத்திவிட்டு, குழந்தைகளை நடத்தி அழைத்துப் போங்கள். வெயில் ஏறுமுன் காலை ஏழு மணிக்குள் போய்விட வேண்டும். தலைக்குத் தொப்பி, ஆளுக்கு ஒரு புட்டி தண்ணீர். பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்ளாமல் பார்த்துவிட்டு வைக்கச் சொல்லுங்கள். கல்லாய்ப் போன சங்குகளை அக்கறையாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு அரியலூர் ஜில்லா வாரணவாசியில் ஒரு காட்சிசாலையே இருக்கிறது. அங்கே வாசல்வரை நல்ல ரோடு.