முதற்சொல்

விரும்பிய ஒருவரிடம் முதற்பேச்சை எவ்வாறு தொடுப்பது? கைத்தொலைபேசியில் குறுஞ்செய்தி எழுதும் இக்கால இளைஞருக்கே உரிய கேள்வி இது என்று எண்ணுவோர் உளர். கரவெட்டிக்கு இது பழைய கேள்வி. ஒல்லாந்தர் ஆட்சி நிலவிய 18 ஆம் நூற்றாண்டில் நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் பாடிய ‘கரவை வேலன் கோவை’, இவ்வூர்ப் பிரபு வேலாயுதபிள்ளையைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டது. புகழ் பிரபுவுக்குரியது, ஆனால் கோவை என்னும் இலக்கிய வகை வளர்த்துச் செல்லும் கதையோ, பெயர் சுட்டப்படாத ஓர் இளைஞனும் நங்கையும் கொண்ட காதலாகும்.

அக்கதையில் தலைவனுக்கு ஓர் இடர் நேர்கிறது. தலைவியும் தோழியும் தினைப்புனத்தில் ஒருங்கே நிற்கின்றனர். தன் உள்ளத்தை அவன் குறிப்பால் உணர்த்தவேண்டும். இதனை மதியுடம்படுத்தல் என்பர். ஊர், பெயர், கெடுதி என்பவற்றை வினவிப் பேச்சைத் தொடங்கும் வழக்கத்தைத் தொல்காப்பியமே கூறுகின்றது. கெடுதியாவது கைதவறிப் போன பொருள்.

கோவைகளுக்கு முன்மாதிரியாய் விளங்கும் திருக்கோவையாரின் 400 பாடல்களுள் 10 இப்பகுதிக்கு உரியவை. அங்கே தலைவன் முதலில் யானையை வினவுகிறான், பின்னர் கலைமானை, அதன்பின் வழியை, அப்பால் ஊரை, அதற்கும் பின்னரே பெயரை. இவ்வரிசையை நோக்குக. யார்க்கும் விடை கூறத்தக்க பொதுப்பொருளில் தொடங்கி, அணு அணுவாக அண்மைக்கு வருகின்றான். வினாக்களும் அவர்கள் காத்து நிற்கும் புனத்தைச் சார்ந்தவையே.

“என்ன செய்கிறீர்கள்?” என்று எழுதிவிட்டு விடைக்காக ஏங்குவோர் இதனை எண்ணிப் பார்க்கலாம். அவ்வினா எவரிடமும் கேட்கத்தக்கது. ஆதலால் எவரையும் தொடுவதில்லை. “வாசிகசாலையில் நீங்கள் எடுத்த நாவலின் முடிவு உங்களுக்கு உடன்பாடா?” என்பதோ ஒருவரை மட்டும் நோக்கிய வினா. அவர் உலகத்தைக் கவனித்தவரே அதனைக் கேட்க முடியும்.

பொய்க்கு மட்டும் ஆயுள் குறைவு. வேட்டையைப் பற்றிப் பேசுகிறான், கையில் வில்லில்லை, தழை இருக்கிறது, சொல்வதில் ஒன்றும் மெய்யில்லை, புனத்தை விட்டு அகல்வதுமில்லை என்று தோழி உடனே கண்டுகொள்கிறாள். இல்லாத புலமையையும் இரவல் கவிதையையும் காட்டிப் பேசுவோரின் நிலையும் இதுவே.

விடை வராதபோது தலைவன் சினப்பதில்லை. விருந்தினரோடு பேசுவதில்லை என்ற விரதமோ என நயமாகக் கேட்கிறான். மொழிபெறாது கூறல் என்று இத்துறைக்குப் பெயர். ஆயினும் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. கோவையில் தலைவியின் அன்பு முன்னரே அறியப்பட்டது. அங்கே மௌனம் நாணம். குறுஞ்செய்திக்கு அத்தகைய உறுதி இல்லை. இங்கே மௌனம் மறுப்பாகவும் இருக்கலாம். நயமான ஒரு சொல்லை மீண்டும் அனுப்பலாம். அதற்கும் விடையில்லையேல் விலகுவதே பண்பு.

புனத்தில் தலைவிக்குக் காவலாய்த் தோழி நின்றாள். கைத்தொலைபேசியில் அவள் இல்லை. எனவே எழுதுபவரே எதிரிலிருப்பவருக்குத் தோழியாகவும் நின்று, தம் சொல்லைத் தாமே ஒருமுறை படித்துப் பார்த்தல் வேண்டும். வினவும் உரிமை ஒருவருக்கு உண்டெனில், விடை கூறாதிருக்கும் உரிமை மற்றவருக்கும் உண்டு.