செடிக்கு நடுவே வெறும் மண்

ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் புல் மண்டிய மலையில் கொழுந்து எடுக்கப் போகிறவர் முதலில் தன் நிரைக்குள் வழி தேட வேண்டும். தேயிலைக்கு மேல் கொடி ஏறிக் கிடக்கும். அட்டை, பாம்பு, குளவிக்கூடு எல்லாம் அதற்குள்தான். கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலிதான்.

உரத்தையும் ஈரத்தையும் புல் பிடுங்கிக்கொள்வது தெரிந்த கதை. கொழுந்தின் தரம் கெடுவது இன்னொரு வழியில். புல் மண்டியதால் வாரத்துக்கொரு தரம் எடுக்கவேண்டிய மலைக்கு இரண்டு வாரம் கழித்துப் போனால், இரண்டு இலையும் மொட்டுமாக இருந்தது முற்றிவிடும். முற்றிய இலை ஆலையில் சுருளாது. தூளில் நாரும் செதிலுமாக விழும்.

சில மலைகளில் மட்டும் புல் இப்படி மண்டுவானேன்? நட்ட விதத்தைப் பாருங்கள். 1869இல் தொடங்கிய இலைநோயில் கோப்பி அழிந்தபின், துரைமார் விதைநாற்றுகளை அகல அகலமாக, சரிவில் மேலிருந்து கீழாக நட்டார்கள். அந்தப் பழைய மலைகளில் பட்டுப்போன செடிகளின் இடம் காலியாகவே கிடக்கிறது. வெயில் விழும் மண்ணில் புல் வராமல் என்ன வரும்? வெட்டுத்தண்டிலிருந்து வளர்த்த வீ.பீ. தேயிலையோ சரிவுக்குக் குறுக்கே, வரிசைக்கு வரிசை நான்கடி, செடிக்குச் செடி இரண்டடி என்று நடப்படுகிறது. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் சில ஆண்டுகளில் செடிகள் ஒன்றோடொன்று முட்டி நிலத்தை மூடிவிடும்.

மண் தெரியச் சுரண்டியால் சுரண்டிய பழைய வழக்கம் புல்லோடு மேல்மண்ணையும் ஆற்றுக்கு அனுப்பியது. மண்ணைப் பிடித்துநிற்கும் சிறு பூண்டுகளை விட்டுவிட்டு, இலுக்கையும் கொடியையும் மட்டும் எடுப்பதே நல்லது. ஆனால் அதற்கு ஆள் வேண்டுமே!

ஆளில்லாத இடத்தில் களைக்கொல்லி மருந்து வந்தது. வடமத்திய மாகாணச் சிறுநீரக நோயைக் காரணம் காட்டி 2015இல் கிளைபோசேட் என்ற மருந்து தடைசெய்யப்பட்டதும் சில தோட்டங்கள் எம்.சி.பி.ஏ. என்ற இன்னொன்றை அடித்தன. அதன் எச்சம் ஜப்பானின் 0.01 பீ.பீ.எம். எல்லையைத் தாண்டியதால் ஏற்றுமதி சிக்கலில் மாட்டியது. 2018இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் தடை தளர்ந்தது. 2021இல் மறுபடி இரசாயனத் தடை. அதுவும் அவ்வாண்டே பெரும்பாலும் கைவிடப்பட்டது. இத்தனை கூத்திலும் காலியிடங்களைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

கிளப்பி மறுநடுகை செய்வது பெருஞ்செலவு. பழைய செடியைப் பிடுங்கி, மண் தேற ஒன்றரை இரண்டு வருடம் குவாத்தமாலாப் புல் வளர்த்து, பிறகுதான் கன்று வைக்கலாம். கவ்வாத்து வருடத்தில் காலியிடங்களை நிரப்புவது அதைவிட மலிவு. கவ்வாத்தில் வெட்டிய செடி திரும்பத் தழைக்கும்வரை மலை முழுக்க வெயில் படும், புல் துள்ளும் காலமும் அதுதான். வெட்டிப்போட்ட மிலாறை அங்கேயே பரப்பிவிட்டால் புல் அடங்கும், மண்ணும் தேறும். லயத்து அடுப்புக்கும் அந்த மிலாறுதான் விறகு. வேறு விறகு கொடுக்காமல் அதை எடுக்காதே என்று சொல்ல எந்தத் தோட்டத்துக்கும் வாயில்லை.