கொலாபாவின் அஃப்கான் சர்ச்

மும்பையில் கொலாபா பக்கம் போயிருக்கிறீர்களா? கடைத்தெருவைத் தாண்டித் தெற்கே போனால், மரங்களுக்கு மேலே ஒரு கோபுரம் தெரியும். ஊசிபோல் கூர்மையாக இருக்கும். யாரைக் கேட்டாலும் "அஃப்கான் சர்ச்" என்பார்கள். அதன் உண்மையான பெயர் பரிசுத்த யோவான் தேவாலயம். மும்பைக் கோயிலுக்கு ஆப்கானிஸ்தான் பெயர் எப்படி வந்தது? அதற்குப் பின்னால் ஒரு போர் இருக்கிறது.

முன்பு கொலாபா ஒரு தனித் தீவு. 1838-இல் கடலுக்குக் குறுக்கே பாதை போட்டு அதைப் பம்பாயோடு இணைத்தார்கள். அங்கே கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டாளம் தங்கியிருந்தது. பட்டாளத்து வெள்ளைக்காரர்கள் கும்பிட ஒரு கூரைக் கொட்டகைதான் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனிப் படை ஆப்கானிஸ்தானுக்குப் போனது. காபூல் நகரைப் பிடித்தது. ஆனால் அங்கே நிலைக்க முடியவில்லை. மக்கள் எதிர்த்து எழுந்தார்கள். 1842 ஜனவரி 6 அன்று படை காபூலை விட்டுக் கிளம்பியது. படைவீரர் சுமார் 4,500 பேர். அவர்களில் பெரும்பாலோர் நம் நாட்டுச் சிப்பாய்கள். படைக்குப் பின்னால் சுமார் 12,000 பேர் நடந்தார்கள். அவர்கள் வேலைக்காரர்கள், பெண்கள், குழந்தைகள். மூட்டை சுமந்தவர்களும், சோறு பொங்கியவர்களும், குதிரைக்குப் புல் வெட்டியவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

மலைப்பாதை முழுவதும் பனி. இருபுறமும் துப்பாக்கிச் சூடு. ஜனவரி 13 அன்று பிரைடன் என்ற மருத்துவர் காயத்தோடு குதிரையில் ஜலாலாபாத் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். சிலர் சிறைபிடிக்கப்பட்டார்கள். சில சிப்பாய்கள் பிறகு தட்டுத்தடுமாறி வந்தார்கள். மற்றவர்கள் வழியிலேயே மாண்டார்கள். இது ஒரு வாரக் கதைதான். அந்தப் போரிலும் அதையொட்டிய சிந்துப் போரிலும் இறந்தவர்கள் இன்னும் பலர்.

இறந்தவர்கள் நினைவாகக் கொலாபாவில் ஒரு கோயில் கட்ட முடிவு செய்தார்கள். அரசாங்கம் இடம் கொடுத்தது. கூடவே ஒரு நிபந்தனையும் போட்டது. கோபுரம் உயரமாக இருக்க வேண்டும். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு அது அடையாளமாக வேண்டும். சாமிக்கும் ஆயிற்று, கப்பலுக்கும் ஆயிற்று!

1847 டிசம்பர் 4 அன்று கவர்னர் அடிக்கல் நாட்டினார். இங்கிலாந்திலிருந்து வந்த வரைபடங்களின்படி கட்டப் பணம் போதவில்லை. பிறகு ஹென்றி கோனிபியர் என்ற பொறியாளர் வேறு படம் வரைந்தார். மும்பைக்காரர்களுக்கு இவரை இன்னொரு விதத்திலும் தெரிந்திருக்க வேண்டும். நகரத்துக்குக் குடிநீர் தர விஹார் ஏரியைத் திட்டமிட்டவர் இவரே.

சுவருக்குக் குர்லாவிலிருந்து கல் வந்தது. தூணுக்கும் வளைவுக்கும் குஜராத்தின் போர்பந்தரிலிருந்து கல் வந்தது. 1858 ஜனவரி 7 அன்று கோயிலைத் திறந்தார்கள். அப்போது கோபுரம் முடியவில்லை. அது முடிய 1865 ஆகிவிட்டது. அதன் உயரம் 198 அடி.

உள்ளே உட்காரும் பெஞ்சுகளைப் பாருங்கள். துப்பாக்கியைச் சாய்த்து வைக்க அவற்றில் பள்ளம் வெட்டியிருக்கிறார்கள். 1857-இல் மீரட்டில் சிப்பாய்கள் கிளர்ந்து எழுந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்குப் பிறகு வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஜெபிக்கப் போகும்போதும் துப்பாக்கியோடுதான் போனார்கள்.

எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் அங்கே சுவரையும் பார்க்க வேண்டும். எங்கள் வகுப்பில் முதலில் சொல்லித் தருவது அவரவர் பெயரை எழுதத்தான். அன்று சிலேட்டில் தன் பெயரைப் பார்த்தவரின் முகத்தை மறக்க முடியாது. அதனால்தானோ என்னவோ, அந்தச் சுவரில் உள்ள செய்தி எனக்கு மனதில் தைத்தது. போரில் இறந்த அதிகாரிகளின் பெயர்கள் சுவரில் வரிசையாக இருக்கின்றன. சாதாரணச் சிப்பாய்களின் பெயர்கள் இல்லை. ஏன் இல்லை என்பதையும் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்கள் எண்ணிக்கை மிக அதிகமாம். அத்தனை பேரையும் எழுத முடியாதாம். நோயாலும் வாளாலும் இறந்தார்கள் என்று மட்டும் சொல்கிறது அந்த எழுத்து.

சிப்பாய்க்கு அந்த ஒரு வரியாவது கிடைத்தது. மூட்டை சுமந்தவர்களையும் புல் வெட்டியவர்களையும் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.