இலவசச் சீட்டுக்கு யாராவது விலை சொன்னால்

ஜூன், ஜூலை வந்துவிட்டால் சிங்கப்பூரில் ஒரே தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. தேசிய தின அணிவகுப்புக்கான குலுக்கலில் சீட்டுக் கிடைக்காத குடும்பங்கள் கரோசல் விற்பனைத் தளத்திலும் டெலிகிராம் குழுக்களிலும் சீட்டுத் தேடத் தொடங்குகின்றன. அணிவகுப்பை ஆண்டுதோறும் நடத்துவது சிங்கப்பூர் ஆயுதப்படை. அணிவகுப்பும் விமான சாகசமும் முடிந்ததும் அணிவகுப்பு நடந்த இடம் பெரிய இசை மேடையாக மாறிவிடுகிறது; பாட்டு, ராக், ராப், நடனம், வாணவேடிக்கை என்று எல்லாமே இலவசம். தேசிய சேவையில் இருக்கும் மகனோ தம்பியோ அங்கே அணிவகுத்து நடந்தால், நேரில் பார்க்க வேண்டும் என்று வீட்டில் ஆசைப்படுவது இயல்பு. அந்த ஆசையைத்தான் மோசடிக்காரர்கள் குறிவைக்கிறார்கள். ஜாலான் புசார், லிட்டில் இந்தியா வட்டாரத்தில் நம் மக்கள் இதில் சிக்கும் விதமும், சிக்கியபின் செய்யும் தவறுகளும் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. சொல்ல வருவது ஒன்றுதான்: இலவசச் சீட்டுக்கு யாராவது பணமோ, அரசாங்க இணையச் சேவைகளுக்கான சிங்பாஸ் கணக்கின் விவரமோ கேட்டால், அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்துங்கள்.

பின்னணி சுருக்கமாக. 1967 மார்ச்சில் தேசிய சேவைக்கான சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் முதல் தொகுதி இளையர்கள் முழுநேரச் சேவையில் சேர்ந்தார்கள். அன்றிலிருந்து ஏறக்குறைய எல்லாக் குடும்பத்திலும் ஒருவராவது சீருடை அணிந்திருப்பார். 1973இல் அமைக்கப்பட்ட ஆயுதப்படையின் இசை நாடகக் குழு, பாடகர்களையும் நடிகர்களையும் பல தலைமுறைகளாக உருவாக்கி வந்திருக்கிறது. வீரர்களுக்கும் அவர்களின் குடும்பங்களுக்கும் இலவசக் கலைநிகழ்ச்சி நடத்தும் வழக்கம் உலகெங்கும் உண்டு. அமெரிக்காவில் 1941இல் தொடங்கப்பட்ட யூஎஸ்ஓ அமைப்பு இன்றும் அதைச் செய்கிறது. இத்தகைய நிகழ்ச்சிகளில் நாற்காலி யாருக்கு என்பதைப் பணப்பை தீர்மானிப்பதில்லை. சேவையும் உறவும் குலுக்கலும் தீர்மானிக்கின்றன. அந்த நாற்காலிக்கு விலை வைக்க யாருக்கும் உரிமை கிடையாது.

சீட்டு வரும் முறையான வழிகளை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பொதுமக்களுக்கு இருக்கும் வழி அணிவகுப்பின் அதிகாரபூர்வ அரசாங்க இணையத்தளம் ஒன்றுதான். சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் தங்கள் சொந்த சிங்பாஸ் கணக்கில் நுழைந்து விண்ணப்பிக்கிறார்கள். குலுக்கலில் தேர்வானவர்களுக்குத் தகவல் வருகிறது. கட்டணம் எதுவும் இல்லை. அணிவகுப்பில் பங்கேற்கும் வீரர்களின் குடும்பங்களுக்குப் படைப்பிரிவு வழியாகவும் சீட்டு வருவதுண்டு. அப்படி வந்தால் அது மகனின் கையிலிருந்து வரும். முன்பின் தெரியாதவரின் வாட்ஸ்அப் எண்ணிலிருந்து வராது. வேலை அனுமதி அட்டையில் இருப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும். விண்ணப்பிக்கும் உரிமை குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே உண்டு. ஊழியர்களுக்கென்று தனி ஒதுக்கீடு இருக்கிறது, ஐம்பது வெள்ளி கொடுத்தால் பெயரைச் சேர்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால், உங்கள் ஐம்பது வெள்ளியை எடுத்துக்கொள்ளத்தான் அவர் வந்திருக்கிறார்.

மோசடி விளம்பரம் எப்படி இருக்கும் என்பதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். இரண்டு சீட்டு, பக்கத்துப் பக்கத்து இருக்கை, அவசர வேலை வந்துவிட்டதால் போக முடியவில்லை என்று ஒரு வரி. கூடவே ஒரு சீட்டின் படம், கியூஆர் குறியீட்டின் பாதி மட்டும் விரலால் மறைக்கப்பட்டிருக்கும். கேட்டால், இன்னும் மூன்று பேர் காத்திருக்கிறார்கள், பாதிப் பணத்தை பேநவ் வங்கிப் பரிமாற்றத்தில் போட்டால் உங்களுக்கே ஒதுக்குகிறேன் என்று பதில். நேரில் சந்திக்கலாமா என்றால் முகாமில் இருக்கிறேன், வெளியே வர அனுமதி இல்லை என்பார். படைவீரர் வேடத்துக்கு அது கச்சிதமாகப் பொருந்தும் பதில். பணம் போனதும் அடுத்த கோரிக்கை வரும்: பெயரை மாற்ற சிங்பாஸில் உறுதிசெய்ய வேண்டும், இந்த இணைப்பை அழுத்துங்கள். பலர் இந்த இரண்டாவது படியில்தான் பெருந்தொகையை இழக்கிறார்கள். 2024 மார்ச்சில் டெய்லர் ஸ்விஃப்ட் இங்கே ஆறு இரவுகள் பாடியபோது, காசு கொடுத்து வாங்கும் சீட்டுகளிலும் இதே சூதுதான் நடந்தது. காவல்துறை அப்போதே எச்சரித்தது. இலவசச் சீட்டில் ஆபத்து இன்னும் அதிகம். வாங்கியவர் தானும் விதியை மீறியவர் என்ற கூச்சத்தில் புகார் கொடுக்கத் தயங்குவார். மோசடிக்காரர் நம்பியிருப்பது அந்தக் கூச்சத்தை.

“விற்பவருக்கு விருப்பம், வாங்குபவருக்கு விருப்பம், நடுவில் உங்களுக்கு என்ன?” என்று கேட்பவர்கள் உண்டு. இதற்கு நேரான பதில் சொல்லியாக வேண்டும். முதலாவது, அது விற்பவருடைய பொருளே இல்லை. விற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு அவருக்குக் கொடுக்கப்பட்ட இருக்கை அது. நிபந்தனையை மீறினால் சீட்டு செல்லாததாகலாம். பணம் கொடுத்தவர் வாசலில் நிற்பார், விற்றவர் தொலைபேசியை அணைத்துவிடுவார். இரண்டாவது, விற்பதற்கென்றே குலுக்கலில் கலந்துகொள்ளும் ஒவ்வொருவரும் உண்மையில் போக விரும்பிய ஒரு குடும்பத்தின் இடத்தை அடைத்துக்கொள்கிறார். மூன்றாவது, சீட்டை விற்பவர் உண்மையிலேயே படைவீரராக இருந்தால் அவர் தன்னையே ஆபத்தில் தள்ளிக்கொள்கிறார். விற்கக்கூடாதென்று மேலதிகாரி உத்தரவிட்டிருந்து அதை மீறினால், அது ஆயுதப்படைச் சட்டத்தின் கீழ் வரும் விஷயம். பிள்ளைகளிடம் பெற்றோர் இதை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்: மீந்த சீட்டைத் திருப்பிக் கொடு, விற்காதே, அதன் படத்தை ஃபேஸ்புக்கில் போடாதே. முழுக் குறியீடும் தெரியும் படத்தை யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம்.

“தெரிந்த பையன்தான், எனக்காக அவனே விண்ணப்பிக்கிறான், அதனால் சிங்பாஸ் மறைச்சொல்லைக் கொடுத்தேன்” என்பது அடுத்த வாதம். கணினியில் பழக்கமில்லாத பெரியவர்கள்தான் பெரும்பாலும் இப்படிச் செய்கிறார்கள். அவர்கள் மேல் கோபம் வரவில்லை, கவலைதான் வருகிறது. சிங்பாஸ் என்பது மத்திய சேமநிதி, வீவக வீடு, வருமான வரி, வங்கிக் கணக்குத் திறப்பு எல்லாவற்றுக்கும் ஒரே சாவி. ஒரு மாலை நேர நிகழ்ச்சிக்காக அதை இன்னொருவர் கையில் கொடுக்கக்கூடாது. 2023இல் திருத்தப்பட்ட கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டப்படி, குற்றத்துக்குப் பயன்படும் என்று தெரிந்தோ, அப்படி நம்ப நியாயமான காரணம் இருந்தோ சிங்பாஸ் விவரத்தைக் கொடுப்பவருக்கு 10,000 வெள்ளி வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். காசுக்காகக் கணக்கை விற்பவர்களுக்காக வந்த சட்டம் அது. ஆனால் உங்கள் கணக்கு மோசடிக்குப் பயன்பட்டுவிட்டால், ஒன்றும் தெரியாது என்று நிரூபிக்க அலைய வேண்டியவர் நீங்கள்தான். உதவி வேண்டுமென்றால் சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் உள்ள எஸ்ஜி டிஜிட்டல் முகப்புகளுக்குப் போங்கள். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருவார்கள். மறைச்சொல்லைத் தட்டும் விரல் மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும்.

இனி, ஏமாந்துவிட்டால் என்ன செய்வது. இங்கேதான் மக்கள் வரிசையைத் தவறவிடுகிறார்கள். முதலில் ஃபேஸ்புக்கில் எழுதுகிறார்கள், பிறகு உறவினரிடம் சொல்கிறார்கள், இரண்டு நாள் கழித்து நாடாளுமன்ற உறுப்பினரின் சந்திப்புக்குப் போய் நிற்கிறார்கள். அதற்குள் பணம் நான்கு கணக்குகள் தாண்டிப் போயிருக்கும். முதல் அழைப்பு வங்கிக்குத்தான். உங்கள் வங்கியின் அவசர எண்ணை அழைத்து, பரிவர்த்தனை எண்ணைச் சொல்லி, பணம் போன கணக்கை முடக்கக் கேளுங்கள். இணைப்பை அழுத்தியிருந்தாலோ விவரம் கொடுத்திருந்தாலோ, உங்கள் கணக்கு முழுவதையும் நீங்களே முடக்கும் அவசர வசதி இங்குள்ள பெரிய வங்கிகளில் இருக்கிறது. உடனே அதைப் பயன்படுத்துங்கள். சிங்பாஸ் விவரம் போயிருந்தால் 6335 3533 என்ற சிங்பாஸ் உதவி எண்ணை அழையுங்கள். இது மோசடிதானா என்று சந்தேகமாக இருந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு எண், 24 மணி நேரமும். அந்த நான்கு இலக்கத்தை வீட்டில் எல்லாருடைய கைப்பேசியிலும் இன்றே பதிந்துவையுங்கள்.

அடுத்து காவல்துறைப் புகார், அதே நாளில். இணையத்தில் சிங்கப்பூர்க் காவல்துறையின் தளத்தில் கொடுக்கலாம். முடியாதவர்கள் எந்த அக்கம்பக்கக் காவல்நிலையத்துக்கும் நேரில் போகலாம். ஜாலான் புசார், தெக்கா வட்டாரத்தில் இருப்பவர்களுக்குப் பக்கத்தில் இருப்பது கம்போங் கபோர் சாலையிலுள்ள ரோச்சோர் அக்கம்பக்கக் காவல் நிலையம். கையோடு கொண்டுபோக வேண்டியவை: விளம்பரத்தின் படம், விற்பவரின் கணக்குப் பெயரும் பக்க முகவரியும், தொலைபேசி எண், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உரையாடல், பணம் அனுப்புமுன் பேநவ்வில் தெரிந்த பெயர், பரிவர்த்தனை எண், தேதி, நேரம். கோபத்தில் உரையாடலை அழித்துவிடாதீர்கள். மறுபடியும் சொல்கிறேன், அழித்துவிடாதீர்கள். கரோசலில் மோசடிக்காரர் தன் விளம்பரத்தை நீக்கிவிட்டால் உங்கள் கையில் இருக்கும் படம்தான் சாட்சி. புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வங்கி அதைக் கேட்கும்.

“எண்பது வெள்ளிக்காகக் காவல்நிலையமா? கிடைக்கவா போகிறது?” என்ற சலிப்பு பலருக்கு. பணம் திரும்பும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் 2019இல் அமைக்கப்பட்ட மோசடித் தடுப்பு நிலையம் வங்கிகளோடு நேரடியாக இணைந்து வேலை செய்கிறது. கணக்குகளை முடக்கும் அதன் வேகம் உங்கள் புகாரின் வேகத்தைப் பொறுத்தது. உங்கள் எண்பது வெள்ளி போன கணக்குக்குத்தான் இன்னும் ஐம்பது பேரின் பணமும் போகிறது. 2024இல் சிங்கப்பூரில் மோசடிகளால் இழந்த தொகை 1.1 பில்லியன் வெள்ளிக்கும் மேல், சம்பவங்கள் 51,000ஐத் தாண்டின. எண்ணிக்கையில் முதலிடம் இணைய வணிக மோசடிக்கு. பெரும்பாலான சம்பவங்களில் பணத்தை அனுப்பியது பாதிக்கப்பட்டவரே. யாரும் பூட்டை உடைக்கவில்லை. நாமே திறந்து கொடுத்திருக்கிறோம்.

சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குப் போகலாமா என்றும் கேட்கிறார்கள். அங்கே 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி வரை கோரலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் இணையம் வழி மனுப்போட வேண்டும். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கைக்குத் தனிநபர் கட்டுவது 10 வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை, அனுமதியும் இல்லை. ஆனால் எதிர்த்தரப்பின் உண்மையான பெயரும் முகவரியும் உங்களிடம் இருக்க வேண்டும். போலிப் பெயரில் ஒளிந்திருப்பவர் மீது அங்கே மனு நிற்காது. விற்கவே கூடாத சீட்டை வாங்கினேன் என்று சொல்லி வாதாடுவதும் வலுவான நிலை இல்லை. நிகழ்ச்சிக்குப் பேருந்து, சாப்பாடு என்று காசு வாங்கி ஏமாற்றிய, பெயரும் கடையும் தெரிந்த ஆளுக்குத்தான் அந்த வழி. சீட்டு மோசடிக்கு வழி வங்கியும் காவல்துறையும்தான். இன்னோர் எச்சரிக்கை: புகார் கொடுத்தபின், “உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறேன், கட்டணம் மட்டும் கட்டுங்கள்” என்று ஒருவர் வருவார். அவரும் அதே கூட்டம். பணத்தை மீட்டுத் தரக் காவல்துறை உங்களிடம் கட்டணம் கேட்காது.

அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. சீட்டு விற்பனைக்கல்ல என்று எச்சரித்து ஓர் அறிக்கையை ஊடகங்களுக்கு அனுப்புவதோடு கடமை முடிந்துவிடாது. அது தெக்கா சந்தையில் காய்கறி வாங்கும் மூதாட்டிக்கும் தங்குவிடுதியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா வரும் ஊழியருக்கும் போய்ச் சேர வேண்டும். குலுக்கல் முடிவு சொல்லும் ஒவ்வொரு தகவலிலும், கிடைக்காதவர்களுக்கான தகவலில் முக்கியமாக, “எங்கும் வாங்காதீர்கள், கேட்டால் 1799” என்ற வரி நான்கு மொழிகளிலும் இருக்கலாமே? சமூக மன்றத் தகவல் பலகைகளிலும், பணம் அனுப்பும் கடைகளின் கண்ணாடியிலும் ஒரு தமிழ் அறிவிப்பு ஒட்ட எவ்வளவு செலவாகும்? ஏமாந்தவர்களை விசாரிக்கச் செலவாகும் நேரத்தில் சிறு பங்கு போதும்.

அதுவரை பொறுப்பு நம்முடையது. குலுக்கலில் கிடைக்கவில்லையென்றால் வீட்டில் தொலைக்காட்சியில் நேரலையாகப் பாருங்கள். வானில் பறக்கும் விமானங்களையும் வாணவேடிக்கையையும் அணிவகுப்பு நடக்கும் இடத்தின் சுற்றுப்புறத்தில் சீட்டில்லாமலே பார்க்கலாம். அடுத்த ஆண்டு மறுபடி உங்கள் சொந்த சிங்பாஸில் விண்ணப்பியுங்கள். இலவசச் சீட்டுக்கு விலை கேட்பவரிடம் பேரம் பேசாதீர்கள், விசாரிக்காதீர்கள், முன்பணம் போடாதீர்கள். போட்டுவிட்டீர்களா? இந்தக் கட்டுரையை மூடிவிட்டு முதலில் வங்கியை அழையுங்கள்.