கடைத் திறப்பும் கணினித் திறப்பும்

கடைத் திறப்பை யாரிடம் கொடுப்பது என்று நாம் பலமுறை யோசிப்போம். ஆனால் கொள்விலை, கடன் கணக்கு, சம்பள விபரம் எல்லாம் அடங்கிய கூகுள் டிரைவ் ஃபோல்டரை ஒரு நொடியில் எல்லோருக்கும் திறந்து விடுகிறோம். நமது வியாபாரிகள் பலரிடம் நான் காணும் பழக்கம் இது.

டிரைவில் மூன்று வகை அனுமதிகள் உள்ளன. 'வியூவர்' பார்க்கலாம், மாற்ற முடியாது. 'கொமென்டர்' பார்த்துக் குறிப்பும் எழுதலாம். 'எடிட்டர்' எழுதலாம், திருத்தலாம். நாம் தடுத்து வைக்காவிட்டால் அவரே இன்னொருவருக்கும் அனுமதி வழங்கலாம். வியூவரும் அப்படித்தான், தடுக்காவிட்டால் பிரதி எடுத்துக்கொள்ளலாம்.

முக்கியமான விடயம், ஃபோல்டருக்குக் கொடுக்கும் அனுமதி அதற்குள் இருக்கும் அனைத்துக்கும் செல்லும். நாளை அதில் நீங்கள் போடும் கோப்புக்கும் செல்லும். எனவே எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் குவிக்கக் கூடாது.

இரண்டு கிளைகள் உள்ள ஒரு புடைவைக் கடையை எடுத்துக்கொள்வோம். விற்பனை விலைப்பட்டியல் ஒரு ஃபோல்டர். விற்பனையாளர்கள் அதைப் பார்த்தால் போதும். சரக்கு இருப்பு இன்னொன்று. களஞ்சியப் பொறுப்பாளர் அதில் எழுத வேண்டும். கொள்விலையும் கடன் கணக்கும் மூன்றாவது. அது முதலாளிக்கும் கணக்காளருக்கும் மட்டும்.

ஆள் ஆளாக அனுமதி கொடுப்பதை விட, 'விற்பனை', 'களஞ்சியம்' என கூகுள் குரூப்ஸில் குழுக்கள் அமைத்து, குழுவின் மின்னஞ்சல் முகவரிக்கு அனுமதி கொடுப்பது சிறந்தது. ஒருவர் வேலையை விட்டுச் சென்றால் குழுவிலிருந்து நீக்கினால் போதும், அக்குழுவுக்குரிய ஃபோல்டர்கள் எல்லாம் அவருக்கு மூடப்படும். ஆனால் அவருக்குத் தனியாகவும் அனுமதி கொடுத்திருந்தால் அதையும் நீக்க வேண்டும். அவர் ஏற்கெனவே எடுத்த பிரதி திரும்பி வராது.

'லிங்க் உள்ள எவரும்' என்ற தெரிவைத் தவிர்த்துக்கொள்ளுங்கள். ஒரு வாட்ஸ்அப் குழுவுக்கு லிங்க் போனால், அது எங்கெல்லாம் போகும் என்று யாருக்கும் தெரியாது.

இன்னொன்று. ஃபோல்டரை உருவாக்கிய கணக்குக்குத்தான் அது சொந்தம். ஊழியரின் சொந்தக் கணக்கில் கடை ஃபோல்டரைத் திறக்க விடாதீர்கள். கடைக்கென ஒரு கணக்கைத் திறந்து, அதன் கடவுச்சொல்லை நீங்களே வைத்திருங்கள்.

மாதம் ஒருமுறை ஒவ்வொரு ஃபோல்டரிலும் 'ஷெயார்' பகுதியைத் திறந்து, யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான். நம்மிடம் கடன் வாங்கியவரின் பெயரும் தொகையும் நம்மிடமுள்ள அமானிதம். அது ஊரில் பரவினால் கெடுவது அவருடைய மானமும் நமது நாணயமும்தான்.